ஐசாலுக்கு மாற்றல்: அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையில் ஒரு வாரம் எப்படிப் போகும்?

நாசரேத்_பையன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வங்கியில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வோடு மிசோரம் ஐசாலுக்கு மாற்றல் ஆர்டர் வந்திருக்கிறது, டிசம்பர் முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். மனைவி, ஏழாவது படிக்கிற மகள், மூன்றாவது படிக்கிற மகன் எல்லாரும் கூடவே வருகிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், குளிர் பற்றியெல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்துவிட்டு வந்த ஆட்களிடம் விசாரித்தாகிவிட்டது. இங்கே கேட்பது சபை விஷயம் மட்டும்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மனைவி பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறாள், மகள் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறாள், வருஷத்துக்கு ஒரு அசனம் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து), கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கீத பவனி, இதுதான் எங்களுக்குத் தெரிந்த சபை வாழ்க்கை. ஐசாலில் திரும்பின பக்கமெல்லாம் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் என்றும், ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும் என்றும், வாரத்தில் பாதி நாள் கூட்டம் என்றும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உண்மையில் ஒரு வாரம் எப்படிப் போகும்? மிசோ மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாத குடும்பம் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் போய் இறங்குகிறோம், அந்த நேரத்தில் அங்கே என்னென்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம். இன்னொன்று, வந்து ரெண்டு மூன்று வருஷத்தில் திரும்பிப் போகிறவர்களை அவர்கள் சபையில் சேர்த்துக்கொள்வார்களா, இல்லை விருந்தாளியாகவே வைத்திருப்பார்களா?

மலைரோடு:

தம்பி, மத்திய அரசுப் பணியில் ஐசாலில் இருந்தவன், இப்போது ஓய்வு. முதல் விஷயம், அங்கே போய் "எந்தச் சபை நமக்குச் சரிப்படும்" என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் எந்த வெங்கில் வீடு பிடிக்கிறீர்களோ அந்த வெங்கின் சபைதான் உங்கள் சபை. வெங் என்றால் நம் பேட்டை, தெரு மாதிரி. வெங்குக்கு ஒரு ஆலயம், அதற்கு ஒரு மணி, ஒரு ஒலிபெருக்கி. உங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் போவார், எதிர்வீட்டுக்காரர் போவார், காய்கறிக்கடை அம்மா போவார். நீங்கள் வேறு எங்கோ போனால் ஞாயிறு முழுக்கத் தெருவில் ஒருவர் முகம் தெரியாமல் இருக்க வேண்டியதுதான்.

வாரம் இப்படிப் போகும். சனிக்கிழமை இரவே ஒரு ஆராதனை. ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் ஓய்வுநாள் பள்ளி. பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் பேப்பர் படிக்க முடியாது, அங்கே பெரியவர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி உண்டு. கல்லூரிப் பேராசிரியரும் சந்தையில் கீரை விற்கிற பாட்டியும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பாடம் கேட்பார்கள், அதற்கென்று அச்சிட்ட பாடப்புத்தகம் இருக்கும், தேர்வும் வைப்பார்கள். பிறகு மதிய ஆராதனை, இதுதான் பிரதானம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தெழுந்தால் இரவு ஆராதனைக்கு மணி அடித்துவிடுவார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் இரவு என்று நான் சொல்வது நம் ஊர்க் கணக்கில் சாயங்காலம்தான்.

திங்கள் இரவு இளைஞர்கள், அதாவது கே.டி.பி. நம் வாலிபர் சங்கம் போலத்தான், ஆனால் திருமணம் ஆகாதவர்கள் அநேகமாக எல்லாருமே அதில் இருப்பார்கள், வராதவரைத்தான் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். செவ்வாய் பெண்களுக்கு. புதன் இரவு சபையார் எல்லாருக்கும் ஒரு கூடுகை. வியாழன், வெள்ளி சும்மா என்று நினைத்துவிடாதீர்கள், பாட்டுப் பயிற்சி, கமிட்டி என்று அந்த நாட்களையும் நிரப்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் எல்லாரும் போவதில்லை, அது அவர்களுக்கே தெரியும். நான் ஞாயிறு மதியமும் புதன் இரவும் விடாமல் போனேன், அதற்கு மேல் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபப் புத்தகம் கிடையாது. நீங்கள் ஆராதனை முறைமையைப் புரட்டிப் புரட்டிப் பழகினவர், முதலில் கை சும்மா இருப்பது ஒரு மாதிரி இருக்கும். பாட்டு, ஜெபம், வாசிப்பு, பிரசங்கம், பாட்டு, அவ்வளவுதான். பல ஞாயிறு பிரசங்கம் செய்வது போதகராக இருக்காது, ஒரு மூப்பரோ, பிரசங்கிக்க அனுமதி பெற்ற ஒரு பள்ளி ஆசிரியரோ வருவார். ஒரு போதகருக்குக் கீழே பல சபைகள், அதனால் உள்ளூர்ச் சபையை நடத்துவது மூப்பர்கள்தான். உபா என்பார்கள். பெயருக்கு முன்னால் உபா என்று போட்டுத்தான் கூப்பிடுவார்கள், வங்கியில் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே பத்து உபா இருப்பார்கள் பாருங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் பாட்டில் சேர்ந்துகொள்ளலாம். ரோமன் எழுத்து, அதனால் வாசித்துவிடலாம், உச்சரிப்பு போகப்போக வரும். பாட்டுப் புத்தகத்தின் சோல்பா பதிப்பு, அதாவது ராகத்தை டோ ரே மீ எழுத்தில் குறித்தது, கடையில் கிடைக்கும், உங்கள் மகளுக்கு முதல் வேலையாக அதை வாங்கிக் கொடுங்கள். டோ ரே மீ தெரிந்த ஆல்ட்டோ என்றால் யாரும் அவளை சும்மா உட்கார விடமாட்டார்கள்.

செவிலி_அக்கா:

மலைரோடு ஐயா ஞாயிறு கணக்கை அருமையாகச் சொல்லிவிட்டார், ஆனால் செவ்வாய் "பெண்களுக்கு" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டார் பாருங்கள். அந்தச் சபைகள் ஓடுவதே அந்தச் செவ்வாயால்தான்.

தம்பி, உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன். புஹ்ஃபாய் தாம் என்று ஒன்று இருக்கிறது, நம்ம பிடி அரிசிதான். சோறு வைக்க அரிசி அளந்ததும், உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். காலையும் மாலையும், ஒரு நாள் தவறாமல். வெங்கில் இருக்கும் பெண்கள் முறை வைத்து வீடு வீடாக வந்து அதைச் சேகரிப்பார்கள், சபை அதை விற்றுக் காசாக்கி ஊழியத்துக்கு அனுப்பும். வெல்ஷ் மிஷனெரிகள் காலத்தில், 1910களில் கையில் காசே புழங்காத ஊரில் ஆரம்பித்த பழக்கம். இன்றைக்கு அரசு வேலையில் நல்ல சம்பளம் வாங்குகிற வீட்டிலும், எரிவாயு அடுப்பில் குக்கர் வைக்கிற வீட்டிலும் அந்த டப்பா இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையிலும் கைப்பிடி அரிசி காணிக்கை இருந்தது, பல ஊர்களில் பாட்டிமாரோடு போய்விட்டது. அங்கே போகவில்லை. மிசோரம் சபை இத்தனை ஊழியர்களை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இந்த டப்பா இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வருவார்கள், வெளியூர்க்காரர் என்று தயங்கினால் நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தன் குடும்பத்தில் ஒருத்தியாகப் பார்க்க ஆரம்பித்தது அந்த ஒரு டப்பா அரிசிக்குப் பிறகுதான்.

உடை விஷயம். ஆண்கள் கோட்டும் டையுமாக வருவார்கள், சும்மா சட்டை போட்டுப் போனால் யாரும் திட்டமாட்டார்கள், உங்களுக்கே கூச்சமாக இருக்கும். பெண்கள் புவான் கட்டுவார்கள், இடுப்பில் சுற்றுகிற நெசவுத் துணி. சேலை கட்டிப் போகலாம், எல்லாரும் தொட்டுப் பார்த்து அழகு என்பார்கள். ஆனால் சீக்கிரம் ஒரு புவான் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் குளிருக்கும் அந்தப் படிக்கட்டுகளுக்கும் சேலை தோதுப்படாது, ஐசாலில் தெரு என்பதே பாதி படிக்கட்டுதான். ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள், நம் ஊர் மாதிரியே.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அரிசி சேர்ப்பது, நோயாளியைப் பார்க்கப் போவது, இழவு வீட்டில் கூட இருப்பது எல்லாம் பெண்கள். நான் போன சபையில் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த உபாக்கள் அத்தனை பேரும் ஆண்கள். அங்குள்ள பெண்களிடமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், சிலர் சிரிப்பார்கள், சிலர் சிரிக்கமாட்டார்கள்.

கிர்க்_வாசகன்:

வரலாற்றுப் பைத்தியம் என்பதால் இடையில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாசரேத் தம்பி, பிரஸ்பிட்டேரியன் என்பது உங்களுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. சி.எஸ்.ஐ.க்குள்ளேயே அந்த ரத்தம் ஓடுகிறது. 1908ல் தென்னிந்தியாவின் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது, அது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து 1947 செப்டம்பர் 27ல் சி.எஸ்.ஐ. பிறந்தது. சென்னை எழும்பூரில் 1821ல் திறந்த புனித அந்திரேயா ஆலயத்தை இன்றும் கிர்க் என்றுதான் சொல்கிறோம், அது ஸ்காட்லாந்து சபையாருக்காகக் கட்டியது. உங்கள் ஊர் நாசரேத், எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் வளர்த்த ஆங்கிலிக்கன் பூமி, அதனால் அந்தப் பக்கத்தை நீங்கள் அதிகம் பார்த்திருக்கமாட்டீர்கள்.

வடகிழக்கில் கதை வேறு. வேல்ஸ் நாட்டுக் கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட் மிஷன் 1841ல் தாமஸ் ஜோன்ஸ் வழியாகச் சிரபுஞ்சிக்கு வந்தது, அங்கிருந்து மேகாலயாவின் காசி மலை முழுக்கப் பரவி, 1897ல் டி. இ. ஜோன்ஸ் ஐசாலுக்கு வந்தார். பெயரில் மெதடிஸ்ட் இருந்தாலும் நிர்வாகம் பிரஸ்பிட்டேரியன். 1970ல் வட இந்திய சபை உருவானபோது இவர்கள் அதில் சேரவில்லை, அதனால்தான் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. மாநிலத்தின் தெற்கே லுங்லெய் பக்கம் போனால் பாப்டிஸ்ட் சபை, அது வேறு மிஷன்.

நடைமுறையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்னவென்றால் பேராயர் கிடையாது. உள்ளூர்ச் சபைக்கு மேலே நம் சேகரம் (பல சபைகள் சேர்ந்த வட்டம்) மாதிரி ஒன்று, பியால் என்பார்கள், அதற்கு மேல் பிரஸ்பிட்டரி, அதற்கு மேல் மிசோரம் சினாடு, அதற்கும் மேல் ஷில்லாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுப் பேரவை. ஒவ்வொரு படியிலும் முடிவெடுப்பது ஒரு கூட்டம், ஒரு ஆள் இல்லை. சினாடின் தலைவரை மாடரேட்டர் என்பார்கள், அவரும் மாறிக்கொண்டே இருப்பார், ஆயுசுக்கும் அதே நாற்காலி என்பது இல்லை. உபாக்களைச் சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரஸ்பிட்டரி அதை உறுதி செய்து அபிஷேகம் பண்ணும். நம் பக்கத் தேர்தல் காலத்து சுவரொட்டியும் கோஷ்டியும் மனதில் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், வேட்பாளர் என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்வதே கிடையாது.

அந்தப் பாட்டும் மேளமும் பற்றி யாரும் சொல்லவில்லையே. குவாங் என்கிற அவர்களுடைய மேளம் இல்லாமல் இன்று ஆராதனை இல்லை. ஆனால் ஆரம்பத்தில் அதை ஆலயத்துக்குள் விடவில்லை. பழைய மதத்தின் வாடை, கள்ளு விருந்தின் வாடை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1906ல் தொடங்கி அலையலையாக எழுப்புதல்கள், அதாவது பக்தி எழுச்சிகள், வந்தன. 1904ல் வேல்ஸில் நடந்த எழுப்புதல்தான் காசி மலை வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அந்த அலைகளில் ஜனங்கள் ஆடவும் தங்கள் ராகத்தில் பாடவும் ஆரம்பித்த பிறகுதான் மேளம் உள்ளே வந்தது. கோட்டும் டையுமாக நிற்கிற அதே உபா, பாட்டு ஏறின பிறகு ஆலயத்தின் முன்பகுதியில் வட்டமாக நின்று ஆடுகிறவர்களோடு சேர்ந்துகொள்வதை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள்.

நாசரேத்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் சோல்பா விஷயத்தைச் சொன்னேன், இப்போதே புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள். மகன் கேட்பது அசனம் உண்டா என்று மட்டும். காணிக்கை எப்படி? நம் ஊரில் சங்கக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை, ஏலம் என்று இருக்கும். அப்புறம் டிசம்பர், ஜனவரியில் என்ன நடக்கும் என்று யாராவது வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வெங்_வாசி:

நான் இப்போது ஐசாலில்தான் இருக்கிறேன், பள்ளியில் வேலை. வாங்க அண்ணே.

அசனம் உண்டு, ருவாய் என்று பெயர், உங்கள் மகன் ஏமாற மாட்டான். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு நாள், புது வருஷத்தை ஒட்டி ஒரு நாள் பெரும்பாலும் இருக்கும், எந்த நாள் என்பது சபைக்குச் சபை மாறும். ஆண்கள் விடியற்காலையில் பன்றியும் மாடும் அறுத்து வெட்டவெளியில் பெரிய பெரிய பாத்திரத்தில் வேக வைப்பார்கள். நம் அசனத்து ஆட்டுக்கறிக் குழம்பை நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள், மசாலா என்பது அநேகமாகக் கிடையாது, இறைச்சி வெந்த சாறு, சோறு, பச்சை மிளகாய் இடித்த சட்னி, அவ்வளவுதான். நாலு வாய் சாப்பிடும்வரை சப்பென்று இருக்கும், பிறகு பழகிவிடும். பன்றி சாப்பிடமாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டிசம்பர் முதல் பாதியில் சினாடு கூடும். மாநிலம் முழுவதிலும் இருந்து பிரதிநிதிகள் வருவார்கள், கூட்டம் நடக்கிற வெங்கின் வீடுகளில் பிரித்துத் தங்க வைப்பார்கள். போதகர்கள் யார் எங்கே மாறுகிறார்கள் என்பது அதில் தெரியவரும், அந்த வாரம் ஊரில் பேச்சு எல்லாம் அதுதான். நீங்கள் வந்து இறங்கும்போது அநேகமாக இது நடந்துகொண்டிருக்கும்.

அப்புறம் கிறிஸ்துமஸ். 24 இரவு ஆராதனை, 25 ஆராதனை, இரவுகளில் லெங்காம் ஸாய். இதை அவசியம் பாருங்கள். நடுவில் மேளம், சுற்றிலும் பெஞ்சு, இழுத்து இழுத்துப் பாடுகிற பழைய ராகம், மணிக்கணக்கில் ஒரே பாட்டுகூடத் திரும்பத் திரும்பப் போகும். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், பெரியவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பட்டாசு வெடிக்கலாம் என்று மகன் கனவு கண்டால் இப்போதே கலைத்துவிடுங்கள், இங்கே தடை. 31 இரவு பழைய வருஷத்தை அனுப்புகிற ஆராதனை, ஜனவரி 1 ஆராதனை, மறுபடி பாட்டு.

ஜனவரி 11 மிஷனெரி நாள், மாநில விடுமுறை. 1894ல் அந்தத் தேதியில்தான் லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் படகில் சாய்ராங்குக்கு வந்து சேர்ந்தார்கள். மிசோ மொழிக்கு இந்த ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தது அவர்கள்தான். நீங்கள் ரயிலில் வருவதானால் இறங்கப் போகிறதும் அதே சாய்ராங்தான், 2025 செப்டம்பரில்தான் அங்கே வரை ரயில் வந்தது. விமானம் என்றால் லெங்புய். எப்படி வந்தாலும் இன்னர் லைன் பெர்மிட் (வெளி மாநிலத்தார் உள்ளே வர வாங்கும் அனுமதி) விஷயத்தை, குறிப்பாகக் குடும்பத்துக்கு, உங்கள் அலுவலகத்தில் கேட்டு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

காணிக்கைக்கு ஏலம் கீலம் எதுவும் நான் பார்த்ததில்லை. சம்பளத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, அதை நீங்களே மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். பதியான் ராம் என்பது சினாடுக்குப் போகிற பொதுப் பணம், ராம்தார் என்பது மிஷன் பணிக்கு, துவால்சூங் என்பது உள்ளூர்ச் சபைச் செலவுக்கு. எழுதினதற்குக் கணக்கு இருக்கும். எவ்வளவு என்று யாரும் வந்து கேட்கமாட்டார்கள், ஆனால் கொடுக்கிறவர்கள் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், சில்லறையைத் தேடி உண்டியலில் போடுகிற பழக்கம் இங்கே குறைவு.

மலைரோடு ஐயா வெங் சபைக்குத்தான் போக வேண்டும் என்றார், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கிற இடமும் நகரத்தில் உண்டு. பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தையும் புரியாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குச் சபை என்றாலே வெறுத்துவிடும். எங்கள் வீட்டில் மதியம் வெங் சபை, மாதத்தில் ஒரு முறை ஆங்கிலம், இப்படி வைத்திருக்கிறோம்.

மலைரோடு:

ஆங்கில ஆராதனையில் பாதிப்பேர் உங்களை மாதிரி மாற்றலில் வந்தவர்களாக இருப்பார்கள், அங்கே போய்ப் பழகுவதற்கு டெல்லியிலேயே பழகலாம். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மாதத்தில் மிசோ பேசிவிடுவார்கள், நமக்குத்தான் வராது.

வெங்_வாசி:

மூன்றாவது படிக்கிறவன் பேசிவிடுவான் ஐயா. ஏழாவது படிக்கிற பெண்பிள்ளை கூச்சப்படுவாள். என் வீட்டிலேயே பார்த்தது, அதனால் சொல்கிறேன்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:

நான் கிறிஸ்தவன் இல்லை, ஒப்பந்த வேலைக்காக ஐசாலில் குடும்பத்தோடு இருந்தவன், அதனால் மறுபக்கமும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஞாயிறு என்றால் நிஜமாகவே பூட்டு. பால், முட்டை, மாத்திரை எல்லாம் சனிக்கிழமை மதியமே வாங்கி வையுங்கள், மற்ற நாளிலும் இருட்டினதும் கடை மூடிவிடும். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள், அதனால் எதையாவது சபை வேண்டாம் என்று சொன்னால் அரசாங்கம் யோசிக்கும். மதுவிலக்கை 2015 வாக்கில் தளர்த்திவிட்டு 2019ல் மறுபடி கொண்டுவந்தார்கள், அதற்குப் பின்னால் சபைகளின் அழுத்தம் இருந்தது ஊருக்கே தெரியும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆனால் இப்படி ஒரு ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். சமவெளியில் இருந்து வருகிறவரை மிசோ மொழியில் "வாய்" என்பார்கள், நீங்கள் என்னதான் பாடினாலும் அந்தப் பெயர் முழுசாகப் போகாது. நீங்கள் கிறிஸ்தவர் என்பதால் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்து கொஞ்ச நேரத்தில் வெங் பையன்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள், குழி தோண்ட. கூலி கிடையாது. பெண்கள் அந்த வீட்டு அடுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடக்கம் முடிந்த பிறகும் சில இரவுகள் இளைஞர்கள் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தார்கள், துக்க வீட்டைத் தனியாக விடக்கூடாதாம். எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். நம் ஊரில் அப்பார்ட்மெண்டில் யார் செத்தார்கள் என்று வாட்சப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

செவிலி_அக்கா:

குழி தோண்டுவது, இரவு பாடப் போவது இதெல்லாம் ஒய்.எம்.ஏ. (யங் மிசோ அசோசியேஷன்) என்ற இளைஞர் சங்கத்தின் பொறுப்பு, 1935ல் தொடங்கியது, சபைக்குக் கீழே வராது. ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான், திங்கள் கே.டி.பி.யில் பார்த்த பையனைச் செவ்வாய் மயானத்தில் மண்வெட்டியோடு பார்ப்பீர்கள். நாசரேத் தம்பி, இதில் நீங்கள் தவறாமல் போய் நில்லுங்கள். வெங்கில் இழவு என்றால் மொழி தெரியாவிட்டாலும் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள், வீட்டாரிடம் கொஞ்சம் பணம் கொடுப்பது வழக்கம், எவ்வளவு என்று வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு வராததைக்கூட மறந்துவிடுவார்கள், இதற்கு வராததை மறக்கமாட்டார்கள்.

நாசரேத்_பையன்:

இது யாரும் சொல்லாத விஷயம், நன்றி அக்கா. கடைசியாக ஒரு கேள்வி. சபையில் முறைப்படி சேர வேண்டும் என்றால் என்ன கொண்டு போக வேண்டும்? மகள் இன்னும் திடப்படுத்தல் எடுக்கவில்லை, அதை இங்கேயே முடித்துவிட்டுப் போவதா, அங்கே போய் எடுக்கலாமா என்று மனைவி கேட்கிறாள்.

கிர்க்_வாசகன்:

உங்கள் சேகர குருவானவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், குடும்பத்தில் யார் யாருக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, யார் திருவிருந்து எடுக்கிறவர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ்களின் நகலும் சேர்த்து வையுங்கள். அவர்களும் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள்தான், அதனால் அந்தப் பக்கம் சிக்கல் வராது. திடப்படுத்தல் என்று பேராயர் கை வைக்கிற சடங்கு அங்கே இல்லை, அதற்குப் பதில் வகுப்பு இருக்கிறது, படித்து முடித்து முழு அங்கத்தினராகத் திருவிருந்துக்கு வருவார்கள். மகளை அவசரப்படுத்தி இங்கே முடிக்க வேண்டாம், ஏழாவது படிக்கிறாள், அங்கே ஓய்வுநாள் பள்ளியில் தன் வயதுப் பிள்ளைகளோடு அந்த வகுப்புக்கு வரட்டும். திரும்பி வரும்போது அவர்களிடம் இதே மாதிரி ஒரு கடிதம் வாங்கி வந்தால் சி.எஸ்.ஐ.யில் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, ஆனாலும் உங்கள் குருவானவரிடம் இதை முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

வெங்_வாசி:

கடிதத்தை வங்கியில் சேர்ந்த முதல் வாரமே கொடுத்துவிடாதீர்கள் அண்ணே, வீடு உறுதியான பிறகு கொடுங்கள். ஐசாலில் முதலில் பிடிக்கிற வீடு நிறையப் பேருக்கு நிலைப்பதில்லை, தண்ணீர், படிக்கட்டு, பள்ளி பஸ் என்று ஏதோ ஒன்று சரிப்படாமல் ரெண்டு மாதத்தில் வேறு வெங்குக்கு மாறிவிடுவார்கள், அப்போது சபையும் மாறும், மறுபடி கடிதம் எழுத வேண்டி வரும். அதுவரை சும்மா போய் உட்காருங்கள். வாசலில் யாராவது கை நீட்டி "சிபாய்" என்பார்கள், நீங்களும் அதையே சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விடலாம். எந்த வெங் என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், அந்தச் சபையில் ஆங்கிலம் பேசுகிற உபா யார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.